மோட்டார் போட்டாச்சு, எல்லாம் ஓகே

என் மாமனார் வாசலில் வந்து நின்றபோது நான் கம்ப்யூட்டரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்துதான் கிடந்தது. கேட்டிருப்பார். வேறு யாராக இருந்தாலும் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். இவர் இரண்டு வருஷமாக என் வாசல்படியை மிதிக்காத மனிதர்.

"வீட்டுல ஆளு இருக்கா?" என்று முருங்கை மரத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இருக்கு, இருக்கு. உள்ள வரச் சொல்லுங்க," என்றேன், தண்ணீர்க் குழாயைப் பார்த்து.

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். பேச்சு முறிந்துபோன இரண்டு பேர் ஒருவருக்கொருவர் ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் மரத்திடம் சொல்வார்கள், சுவரிடம் சொல்வார்கள், கட்டிக்கிடக்கும் ஆட்டிடம் சொல்வார்கள். விழவேண்டிய காதில் விழும். கோபமும் கெடாது, காரியமும் கெடாது.

உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சின்னக்கருப்பன் என்று பெயர். சேத்தூர்க்காரர். பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இத்தனை வருஷமாகியும் அந்த முதுகு வளையவில்லை. அவருடைய ஒரே மகன் வல்லரசுதான் என் புருஷன். அவரும் பட்டாளம்தான். இப்போது வடக்கே பனிமலையில் இருக்கிறார்.

கால் இரண்டிலும் கணுக்கால் வரைக்கும் சேறு காய்ந்திருந்தது. காலையில்தான் தரையைத் துடைத்திருந்தேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"மோட்டார் ரெண்டு நாளா ஓடலை," என்று மின்விசிறியிடம் சொன்னார்.

எனக்குத் தெரியும். அதைக் கெடுத்ததே நான்தான்.

சேத்தூரில் அவர்களுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. மும்முனை மின்சாரம் அங்கே காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை வரும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அப்பா சும்மா சும்மா தோப்புக்கும் வீட்டுக்கும் நடக்க வேண்டாம் என்று கல்யாணத்துக்கு முன்பே வல்லரசு ஒரு லீவில் வந்து ஒரு ஏற்பாடு செய்தார். கிணற்றடியில் சிம் கார்டு போட்ட ஒரு பெட்டி. வீட்டுக் கம்ப்யூட்டரில் சிம் கார்டு போட்ட ஒரு மோடம். கரண்ட் வந்தால் பெட்டி சொல்லும், கம்ப்யூட்டரில் இருக்கும் புரோகிராம் மோட்டாரைப் போட்டுவிட்டு மாமா போனுக்கு ஒரு செய்தி அனுப்பும்: "அப்பா, மோட்டார் போட்டாச்சு. எல்லாம் ஓகே."

பிறகு எங்கள் கல்யாணம். அதற்குப் பிறகு என் மாமியார் வெள்ளத்தாய் இறந்துபோனார். வருஷம் திரும்புவதற்குள் நானும் வல்லரசும் ராஜபாளையத்தில் வாடகைக்கு வந்தோம். நான் கம்ப்யூட்டர் படித்தவள், வேலைக்குப் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். சேத்தூரில் உட்கார்ந்துகொண்டு என்ன வேலை தேடுவது? மாமாவுக்குச் சாப்பாடு அடுத்த வீட்டில் இருக்கும் அவர் தங்கை அழகுத்தாய் பார்த்துக்கொள்வார் என்று ஏற்பாடு. சாமான் ஏற்றும்போது மாமா மகனிடம், "போனா போன மாதிரியே இருந்துக்கோ," என்றார். மகன், "சரி," என்றார். அவ்வளவுதான். அப்பனும் மகனும் ஒரே வார்ப்பு. முதலில் போன் போடுகிறவன் தோற்றவன் என்று இரண்டு பேருக்கும் ஒரு எண்ணம்.

கம்ப்யூட்டரும் எங்களோடு இங்கே வந்துவிட்டது, நெட் வசதி இங்கேதான் என்பதால். சண்டைக்குப் பிறகும் அந்தப் புரோகிராமை யாரும் தொடவில்லை. அது பாட்டுக்கு ஓடியது. நான் அதன் மேல் தூசி தட்டுவதோடு சரி.

இரண்டு வருஷமாக எனக்கு வேலை கிடைக்கவில்லை. "வேலை ஆச்சா?" என்று கேட்காத வாய் இந்தத் தெருவில் இல்லை. வேலைக்காக என்று சொல்லித்தான் தனியே வந்தோம். வேலை இல்லை என்றால் நான் என்ன, ஒரு கிழவனைத் தனியே விட்டுவிட்டு ஒய்யாரமாக டவுனில் இருப்பவளா? ராத்திரி படுத்தால் இதுதான் மண்டைக்குள் ஓடும்.

கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வழி தெரிந்தது. ரத வீதியில் ஒரு மாடியில் சின்ன சாப்ட்வேர் ஆபீஸ். ராம்குமார் என்று ஒருவர் நடத்துகிறார். பஸ் ஏறினால் செத்த நேரத்தில் போய்விடலாம். போய்ப் பார்த்தேன். "வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு ஆன்லைன்ல டெஸ்ட். வீட்டில இருந்தே எழுதலாம். ஆனா பைத்தான் புது வெர்ஷன் இருக்கணும். மூணு புள்ளி பன்னிரண்டு. எங்க செக்கர் புரோகிராம் முதல்ல அதைத்தான் பார்க்கும். பழசு தெரிஞ்சா டெஸ்ட் திறக்காது. மறு வாய்ப்பு கிடையாதும்மா," என்றார். பைத்தான் என்பது கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் மொழி. அதில் எங்கள் வீட்டில் இருந்தது மிகப் பழைய பதிப்பு, இரண்டு புள்ளி ஏழு. வல்லரசின் மோட்டார் புரோகிராம் அதில்தான் எழுதியது.

வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் என்றால், என் அம்மா செய்வதைச் செய்தேன். மகாராஜபுரத்தில் என் அம்மா கனகலட்சுமி வீட்டில் புதுப் பாய் வந்தால் பழைய பாய் அன்றைக்கே வெளியே போகும். புதுக் குடம் இடுப்பில் வரும்போதே பழைய குடம் புழக்கடைக்குப் போயிருக்கும். தை பிறப்பதற்கு முன்னால் வீட்டு முகட்டில் வேப்பிலைக் காப்புக் கட்டுகிற போகி அன்று எங்கள் வீட்டில் மிச்சம் இருப்பது நாங்கள் மட்டும்தான். அந்த ரத்தம் எனக்கும் ஓடுகிறது. பழைய பைத்தானைக் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கினேன். அது விட்டுவிட்டுப் போன கோப்புகளையும் தேடிப் பிடித்து அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். புதியதைப் போட்டேன். வீடு பளிச்சென்று ஆனது.

மறுநாள் காலையில் சேத்தூரில் கரண்ட் வந்தது. மோட்டார் புரோகிராம் கண்ணைத் திறந்து பார்த்து, தன் ஆளைக் காணாமல், சிவப்பாக ஒரு வரியைத் துப்பிவிட்டுப் படுத்துக்கொண்டது. கிணற்றடியில் ஸ்டார்ட்டரைக் கையால் போட்டுக்கொள்ளலாமே, டெஸ்ட் முடியட்டும் என்று விட்டுவிட்டேன். இதற்காக ஒரு மனுஷன் பஸ் ஏறி வந்து நிற்பார் என்று யார் கண்டது?

"மூணு மணிக்கு ஒரு பரீட்சை இருக்கு. அது முடியவும் சரி பண்ணிருதேன்னு சொல்லுங்க," என்று காலண்டரிடம் சொன்னேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. முக்காலியில் டீ வைத்தேன். அதையும் எடுக்கவில்லை.

"டி.வி.யில பனி சரிஞ்சு கெடக்குன்னு காட்டுதான்," என்றார், மின்விசிறியிடம்.

"அது வேற பக்கம்," என்று காலண்டருக்குச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். மணி பத்தரை. இவர் இப்படிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்கு ஒரு வரிகூடப் படிக்க ஓடாது. சரி, அரை மணி நேர வேலைதானே, முடித்து அனுப்பிவிடலாம் என்று இறங்கினேன்.

பழைய புரோகிராமையே புதுப் பைத்தானுக்குப் புரிகிற மாதிரி மாற்றிவிட்டால் தீர்ந்தது என்பது என் கணக்கு. திறந்து பார்த்தேன். மனிதர் யூனிபாரம் மடிக்கிற மாதிரியே எழுதியிருந்தார், ஒரு வரி கோணல் கிடையாது. மாமா போனிலிருந்து பதில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருந்தார். வந்த செய்தியைத் திரை மூலையில் ஒரு சின்னப் பெட்டியில் காட்டும். ஒரு நிமிஷம் கழித்து அதைப் படித்துப் பார்க்கும். ஆன் என்று இருந்தால் மோட்டாரைப் போடும், ஆஃப் என்று இருந்தால் நிறுத்தும். வேறு என்ன எழுதியிருந்தாலும், "தப்பு. ஆன் அல்லது ஆஃப் மட்டும் அனுப்பவும்," என்று பதில் போகும். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே அவர் குணம். ஆனால் மாமா இதுவரைக்கும் எதையுமே அனுப்பியதில்லை, ஒரு ஆன்கூட.

அங்கங்கே அடைப்புக்குறி போட்டேன், சொல் மாற்றினேன், திருத்தத் திருத்தச் சிவப்பு வரிகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் ஒன்றும் இல்லை. சோதனைக்கு ஒரு செய்தி அனுப்பச் சொன்னேன். "சென்றது" என்றது. கூடத்தில் மாமாவின் போன் ஒலித்தது.

அப்பாடா என்று நான் சாய்ந்த அதே நேரத்தில் நாற்காலி தரையில் உராயும் சத்தம் கேட்டது. மாமா அறை வாசலில் வந்து நின்றார். போனை என் பக்கம் நீட்டியிருந்தார்.

"யுவராணி," என்றார்.

மரத்திடம் இல்லை, விசிறியிடம் இல்லை. என் முகத்தைப் பார்த்து.

"இது என்னன்னு பாரு தாயி. எம் மவன் என்ன சொல்லுதான்?"

வாங்கிப் பார்த்தேன். திரை முழுக்கக் கேள்விக்குறி. தமிழ் எழுத்தைப் பழைய பைத்தான் ஒரு மாதிரி பார்க்கும், புதியது வேறு மாதிரி பார்க்கும். நான் அதைக் கவனிக்காமல் விட்டதில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கேள்விக்குறியாகப் போய் விழுந்திருந்தது. அது எனக்குப் பளிச்சென்று புரிந்தது. அவர் சொன்னதுதான் புரியவில்லை.

"எதை மாமா? யாரு சொல்லுதா?"

"வல்லரசுதான். முந்தாநாள்ல இருந்து அவன்கிட்ட இருந்து ஒண்ணும் வரலை. இன்னைக்கு வருது, இப்படி வருது. அங்க அவனுக்கு என்ன ஆச்சு? மறைக்காமச் சொல்லு."

"அவியளுக்கு ஒண்ணும் ஆகலை மாமா. நேத்துச் சாயங்காலம்கூட எங்கிட்டப் பேசினாவ. நல்லா இருக்காவ."

அவர் தோள் இரண்டும் தளர்ந்தன. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு போனைத் திரும்ப வாங்கி, திரையை வேட்டியில் துடைத்தார்.

"அப்ப எனக்கு மட்டுந்தான் நிப்பாட்டிட்டான்," என்றார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இந்தக் காலத்தில் ஊரில் பாதிப் பேர் போனிலேயே மோட்டார் போடுகிறார்கள். மதுரையில் இருந்துகொண்டு போடுகிறவன் இருக்கிறான், துபாயில் இருந்துகொண்டு போடுகிறவனும் இருக்கிறான். மாமாவும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். மகன் பனிமலையில் நின்றுகொண்டு, கரண்ட் வருகிறதா என்று பார்த்திருந்து, தினமும் இரண்டு வேளை தன் கையால் மோட்டாரைப் போட்டு, தன் கையால் "அப்பா" என்று எழுதி அனுப்புகிறான் என்று. புரோகிராம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு யார் பேசிக்கொண்டிருந்தார்கள்?

"என்ன டூட்டியில இருந்தாலும் போடுவான் தாயி," என்றார். "பண்டிகை, மழை, எதுவும் பாக்க மாட்டான். பட்டாளத்துல நாங்க அப்படித்தான் சாயங்காலம் ரிப்போர்ட் குடுப்போம், எல்லாம் ஓகேன்னு. குடுக்கலைன்னா ஆள் போய்ப் பாக்கணும். நான் ஒரு நாளாச்சும் பதில் போட்டிருக்கணும். போடலை. அவன் எம்புட்டு நாள்தான் போடுவான்?"

காய்ந்த சேற்றை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். காலையிலேயே கிணற்றடிக்குப் போய்க் கையால் மோட்டாரைப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறார். அவர் மோட்டாருக்காக வரவே இல்லை. தரை அழுக்காகிவிட்டது என்று முகம் சுளித்தவள் நான். என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

அது புரோகிராம் மாமா, அதற்கு உங்களையும் தெரியாது, உங்கள் மகனையும் தெரியாது என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவருடைய இரண்டு வருஷத்தை ஒரே வாக்கியத்தில் பிடுங்கியிருப்பேன்.

"அவிய நிப்பாட்டலை மாமா," என்றேன். "நான்தான் கெடுத்துட்டேன். பரீட்சைக்காகக் கம்ப்யூட்டர்ல ஒண்ணை மாத்துனேன், அதுல இருந்து அவிய போடுதது இந்த மெஷினைத் தாண்டிப் போக மாட்டேங்குது. இன்னைக்கே சரி பண்ணிருதேன்."

"நெசமாவா?"

"நெசமா."

"அப்ப சரி," என்றார். ஆறிப்போன டீயை நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தார். "ரெண்டு மணி வாக்குல கரண்ட் வந்தாலும் வரும். நான் தோப்புக்குப் போறேன். நீ பரீட்சையை நல்லா எழுது."

அவர் தலை மறைந்ததும் எனக்குக் கைகால் ஓடவில்லை. கேள்விக்குறியோடு விளையாட இனி நேரம் இல்லை. வல்லரசு எழுதியது எழுதியபடியே, எழுத்து மாறாமல், அவருடைய பழைய பைத்தானிலேயே ஓடவேண்டும். நான் மாற்றியதை எல்லாம் அழித்து, பழையபடி ஆக்கினேன். அம்மா வளர்ப்பு என்று என்னை நானே திட்டிக்கொண்டு, எறிந்த பழசை நெட்டில் தேடிப் பிடித்து மறுபடி போட்டேன். மோடத்தோடு பேசுகிற துணைக் கோப்பும் நான் அழித்ததில் போயிருந்தது. அதையும் தேடினேன். என் போனுக்கே ஒரு சோதனைச் செய்தி அனுப்பினேன். தமிழ் முத்து முத்தாக வந்து விழுந்தது.

சரி, டெஸ்டுக்கு எல்லாம் தயாரா என்று ராம்குமார் ஆபீஸ் செக்கரைத் திறந்தேன். "பழைய பதிப்பு உள்ளது. தேர்வு எழுத இயலாது," என்றது.

விஷயம் இதுதான். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பைத்தான். "பைத்தான்" என்று யார் கூப்பிட்டாலும் வரிசையில் முன்னால் நிற்பது ஓடி வரும். இப்போது பழசு முன்னால் நின்றது. புதியதை முன்னால் நகர்த்தினேன். செக்கர் பச்சை காட்டியது, மோட்டார் செத்தது. பழசை முன்னால் வைத்தேன். மோட்டார் உயிர் பெற்றது, செக்கர் சிவப்பு. மறுபடி மாற்றினேன். மறுபடியும் அதே கதை. மணி ஒன்றரை. சோறு வடிக்கவில்லை, படித்ததெல்லாம் மறந்துகொண்டே வந்தது. ஒன்றைக் கைவிட்டுத்தான் ஆகவேண்டும் போலிருந்தது. வேலையை விட்டால் இரண்டு வருஷம் பாழ். மோட்டாரை விட்டால் இப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்து "நெசமா" என்று சொன்னேன். இருக்க முடியவில்லை. எழுந்து புழக்கடைக்குப் போய் முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சண்முகத்தாய் அக்கா தலையை நீட்டினார். தெருவில் யார் வந்தாலும் போனாலும் அவருக்குக் கணக்கு வேண்டும்.

"ஏட்டி, யாரு வந்துட்டுப் போறது, பெரிய மீசையோட?"

"எங்க மாமா க்கா. சேத்தூர் சின்னக்கருப்பன்."

"எந்தச் சின்னக்கருப்பன்? எங்க ஆளுகளும் சேத்தூர்தாம்ல்லா. கருப்பசாமி பேரு இல்லாத வீடு அங்க ஏது? ரைஸ்மில் வீட்டுச் சின்னக்கருப்பனா, கெணத்து வீட்டுச் சின்னக்கருப்பனா?"

"பட்டாளத்து வீட்டுச் சின்ன..." என்றவள் பாதியில் நிறுத்தினேன்.

"என்னட்டி?"

"வாரேன் க்கா!"

முகத்தைக்கூடத் துடைக்காமல் உள்ளே ஓடினேன். சேத்தூர்த் தெருவில் நின்று "சின்னக்கருப்பா" என்று கத்தினால் பக்கத்தில் நிற்கிறவன் திரும்புவான். நமக்கு வேண்டிய ஆள் வேண்டுமென்றால் வீட்டைச் சேர்த்துச் சொல்லவேண்டும். அதற்காக மற்றவர்களை ஊரைவிட்டு விரட்டுவதில்லை, யாரையும் முன்னால் பின்னால் நிறுத்துவதும் இல்லை. படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு இது காலையிலேயே தோன்றியிருக்க வேண்டும். பதற்றம் மனுஷியை மடைச்சி ஆக்கிவிடுகிறது.

மோட்டார் புரோகிராமைத் தொடங்கிவைக்கிற கோப்பைத் திறந்தேன். அதில் வெறுமனே "பைத்தான்" என்று இருந்ததை அடித்துவிட்டு, பழைய பைத்தான் எந்த டிரைவில், எந்தக் கோப்புறையில், என்ன பெயரில் இருக்கிறது என்று முழு விலாசத்தையும் எழுதினேன். வரிசையில் முன்னால் புதியதையே நிற்க விட்டேன். செக்கர் பச்சை. மோட்டாரை ஓட்டினேன். சிவப்பு வரி இல்லை. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் அதது வேலையைப் பார்த்தது.

மூன்று மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது சேத்தூரில் கரண்ட் வந்தது. மோடத்தின் விளக்கு மினுங்கியது. கறுப்புத் திரையில் வரி ஓடியது: "அப்பா, மோட்டார் போட்டாச்சு. எல்லாம் ஓகே." பக்கத்தில், "சென்றது." எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அழ நேரம் இல்லை. டெஸ்டைத் திறந்தேன்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. தேர்வு ஜன்னலைவிட்டு வேறு ஜன்னலுக்குப் போனால் தேர்வு ரத்து, முகம் கேமராவைவிட்டு விலகினாலும் ரத்து என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை. முதல் கேள்வி சுலபம். இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது நெளிவு சுளிவானது. அதில் பாதி எழுதியிருந்தபோது திரை மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது.

"சரிப்பா. லீவு எப்ப?"

மாமா.

இரண்டு வருஷம் கழித்து முதல் பதில். தோப்பில் நின்று, அந்தத் தடித்த விரலால் ஒவ்வோர் எழுத்தாக அழுத்தியிருப்பார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த நொடியே காலையில் படித்த அந்த வரிகள் ஞாபகத்துக்கு வந்தன. ஒரு நிமிஷம் கழித்து இந்தப் புரோகிராம் அதைப் படிக்கும். ஆன் என்று இருக்கிறதா, ஆஃப் என்று இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டும் இல்லை என்றதும் தன் எஜமான் சொல்லிவைத்த பதிலை அனுப்பும். "தப்பு."

மகனிடம் லீவு எப்போது என்று கேட்ட அப்பனுக்குப் போகப்போகிற பதில், தப்பு.

ஜன்னலை மாற்ற முடியாது. எழுந்திருக்க முடியாது. மோடத்தின் வயர் மேஜைக்கு அடியில் சி.பி.யூ. பெட்டியின் முன்பக்கத்தில் செருகியிருந்தது. முகத்தைக் கேமராவுக்கு நேராக வைத்துக்கொண்டு, மூன்றாவது கேள்வியை ஆழ்ந்து யோசிப்பவளைப் போலப் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, வலது காலை நீட்டித் துழாவினேன். முதலில் தட்டுப்பட்டது மெயின் வயர். அதைப் பிடுங்கியிருந்தால் டெஸ்ட், மோட்டார், நான் எல்லாம் ஒரேயடியாகப் போயிருப்போம். காலைச் சற்று உயர்த்தினேன். மெல்லிய வயர் கட்டைவிரல் இடுக்கில் சிக்கியது. இழுத்தேன். வரவில்லை. கண்ணை மூடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு வெடுக்கென்று இன்னொரு இழுப்பு. டுங் என்று ஒரு சத்தம். மோடத்தின் விளக்கு அணைந்தது.

திரையைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தேன். பார்க்கிறவர் மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார். அதுவும் பிறகு கிடைத்தது.

வல்லரசு தினமும் ஆறு மணி வாக்கில்தான் கூப்பிடுவார், சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி வந்து. அதுவரைக்கும் நான் உட்காரவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். சேறு அப்படியே கிடந்தது, துடைக்க மனசு வரவில்லை. போன் அடித்தது.

"டெஸ்ட் எப்படிட்டி எழுதுன?"

"அத விடுங்க. உங்க அப்பா லீவு எப்பன்னு கேக்காவ."

"யாருகிட்ட கேட்டாவ?"

"உங்ககிட்டத்தான். மெசேஜ் போட்டிருக்காவ. நீங்க தெனமும் போடுத மெசேஜுக்குப் பதிலு."

"நான் எங்கட்டி மெசேஜ் போட்டேன்? அது புரோகிராம்ல்லா."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவியளுக்குத் தெரியாது. நீங்க மலை மேல நின்னுக்கிட்டு ரெண்டு வேளையும் அப்பான்னு கூப்பிடுதியன்னு நெனைச்சுக்கிட்டு இருக்காவ. ரெண்டு நாளு வரலைன்னதும் உங்களுக்கு என்னமோ ஆயிட்டுன்னு பஸ் ஏறி இங்க வந்துட்டாவ."



"இங்கயா? நம்ம வீட்டுக்கா?"

"ஆமா. உள்ள வந்து உக்காந்தாவ. டீ குடிச்சாவ. எம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாவ."

"எல்லா மெசேஜையும் நான்தான் போட்டேன்னா நெனைச்சாவ? இந்த ரெண்டு வருஷமுமா?"

"ஒண்ணு விடாம."

பிடுங்கிய வயரை விரலில் சுற்றிக்கொண்டேன்.

"நான் என்னத்தைப் பதில் போடன்னு சொல்லுங்க," என்றேன். "வயரைப் பிடுங்கிக் கையில வச்சிருக்கேன்."

"நீ ஒண்ணும் போட வேண்டாம். வச்சிருதேன்," என்றார். வைத்துவிட்டார்.

கோபமா, அழுகையா, ஒன்றும் தெரியவில்லை. நான் பாட்டுக்கு ஏதாவது சொல்லிக் கெடுத்துவிட்டேனோ என்று மனசு கிடந்து அடித்தது. அந்த நேரம் பார்த்து ராம்குமாரிடமிருந்து செய்தி வந்தது. திங்கட்கிழமை காலையில் சான்றிதழோடு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசில் வந்து சேரச் சொல்லியிருந்தார். இரண்டு தடவை படித்தேன். வேலை கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் உடனே வல்லரசுக்குப் போன் போட்டேன். லைன் பிஸி.

இந்த நேரத்தில் யாரிடம் பேசுகிறார் என்று ஒரு கடுப்பு வந்தது. சரி, முதலில் மாமாவிடம் சொல்வோம், பரீட்சையை நல்லா எழுது என்று சொன்னவர் அவர்தானே என்று, கல்யாணமாகி முதல் தடவையாக அவர் எண்ணை அழுத்தினேன்.

அதுவும் பிஸி.

திரும்ப வல்லரசுக்குப் போட்டேன். திரும்ப மாமாவுக்குப் போட்டேன். இருட்டி, வாசலில் விளக்குப் போட்ட பிறகும் இரண்டு பேர் லைனும் பிஸியாகத்தான் இருந்தது.